கஸ்தூரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னது

மதுரையில் காலையில் ஏறிய ரயில் மறுநாள் பிற்பகல் என்னைப் புனேயில் இறக்கிவிட்டது. சோலாப்பூர் தாண்டியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே வெட்டி முடித்த கரும்பு வயல்களும், கரும்புப் பாரத்தோடு சாய்ந்து சாய்ந்து போகும் டிராக்டர்களும் வந்துகொண்டே இருந்தன. வயலோரங்களில் வெட்டுக்கூலிக் குடும்பங்கள் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தன. எதிரில் உட்கார்ந்திருந்த பட்டாளத்துக்காரர், திண்டுக்கல் பக்கத்தவர், "மழைக்கு முன்னாடி இவங்க ஊருக்குத் திரும்பிடுவாங்க. திரும்ப அடுத்த வருசம் வருவாங்க. நானும் பதினஞ்சு வருசமா இதே ஜன்னல்ல பாக்குறேன்" என்றார்.

நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். புனேயில் ஒரு பல்கலைக்கழகம் நகர வளர்ச்சி, உழைப்பு, சமூகப் பாதுகாப்பு பற்றி இரண்டு நாள் ஆய்வுக் கருத்தரங்கு நடத்தியது. மதுரைச் சுய உதவிக் குழுக்கள் பற்றி நான் எழுதிய கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது. பிப்ரவரி மாதம். பகலில் வெயில், மாலை வந்தால் சால்வை தேவைப்படும் குளிர்.

ஸ்டேஷனிலிருந்து பல்கலைக்கழகம் ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றெழுபதுக்கு வந்தார். வழி நெடுகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மெட்ரோத் தூண்களுக்குப் பின்னால் கிரேன்கள் நின்றன. "தினம் ஒரு பில்டிங் எழும்புது, மேடம். என் சொந்தக்காரன் ஒருத்தன்கூட அதுல குடியிருக்கல" என்று இந்தியில் சொல்லிவிட்டு, ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஒடித்தார்.

அன்று மாலை விருந்தினர் விடுதிக்கு நித்யா என்னைத் தேடி வந்தாள். அந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். நிகழ்ச்சி நிரலில் தமிழ்ப் பெயரைப் பார்த்து வந்ததாகச் சொன்னாள். பிறந்து வளர்ந்தது புனேயிலேயே, தாபோடியில். அப்பா அங்கே ராணுவப் பொறியியல் கல்லூரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ஆம்பூர்.

"வீட்டுல தமிழ்தான் மேம். ஆனா நான் பேசினா அம்மா சிரிப்பாங்க. படிக்க சுத்தமா வராது" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நாளைக்கு என் பேப்பர். அதுல ஒரு கேஸ் வருது. மத்லப், அதாவது ஒருத்தரோட டெத். அவங்க வைஃப் இங்கயே ஏரவாடால இருக்காங்க, கஸ்தூரி ஆன்ட்டி. அவங்களும் வரேன்னு சொல்றாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

வரட்டுமே, நல்லதுதானே என்றேன். அவள் தலையாட்டினாள். முகம் தெளியவில்லை. பேப்பர் படிக்கும் பதற்றம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவல் உப்புமாவும் தேநீரும் முடிந்து அரங்குக்குள் போனபோது கஸ்தூரி முன்பே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியிருக்கலாம். கஞ்சி போட்ட நீலப் புடவை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். நான் தமிழில் பேசியதும் பிடி தளர்ந்தது.

"எங்க மாமனார் காலத்துலயே இங்க வந்துட்டோம் மேடம். கள்ளக்குறிச்சி பக்கம். எங்க வூட்டுக்காரரு ஏழுமலை, சென்டரிங் வேலை. வாகட்ல பில்டிங்லேர்ந்து விழுந்துட்டாரு. நாலு வருசம் ஆச்சு" என்றார். இப்போது நகரின் மேற்குப் புறநகரான அந்த வாகட்டிலேயே அடுக்குமாடி வீடுகளில் போளி செய்து கொடுக்கிறாராம். போளி என்றால் அங்கே சப்பாத்தி. இன்றைக்கு எல்லா வீட்டிலும் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"எதுக்கு வரணும்னு தோணுச்சு?" என்று கேட்டேன்.

"அவரப் பத்தி பெரிய எடத்துல பேசுறாங்கல்ல. நம்ம ஆளுங்க ஒருத்தராவது இருக்க வேணாமா?"

நித்யாவின் அமர்வு பதினோரு மணியளவில் தொடங்கியது. தலைமை தாங்கியவர் மராத்திக்காரர், வயதில் மூத்த பேராசிரியை. கட்டுரையில் வரும் தொழிலாளியின் மனைவி வந்திருக்கிறார் என்று யாரோ காதில் சொல்லியிருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் கஸ்தூரியை வரவேற்றார். "அவருக்கு ஆங்கிலம் தெரியாது அல்லவா? மதுரையிலிருந்து வந்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்" என்று என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். முழுக்க மரியாதையில் சொன்னது அது. எல்லோரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

நித்யா மேடைக்குப் போகும் வழியில் என் பக்கம் குனிந்தாள். "மேம், எல்லாம் சொல்ல வேணாம். சும்மா கொஞ்சம் கொஞ்சம் சொன்னா போதும்" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் போய்விட்டாள்.

கட்டுரையின் முதல் பாதி எளிதாக இருந்தது. கட்டட வேலையில் நடக்கும் விபத்துகளில் எவை பதிவாகின்றன, எவை மறைக்கப்படுகின்றன, துணைக் காண்ட்ராக்டுக்குள் காண்ட்ராக்டு வைப்பதால் பொறுப்பு எப்படிக் கைநழுவிப் போகிறது என்பதெல்லாம். நான் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே வந்தேன். கஸ்தூரி "ஆமா", "அது நெசந்தான்" என்று ஒவ்வொன்றுக்கும் முனகினார். பிறகு நித்யா, நகரத்தின் மேற்கே எழும்பிய ஒரு அடுக்குமாடிக்கு வந்தாள். கட்டடத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் மாற்றியிருந்தாள். காலை வேளையில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தார்.

"விழுந்துட்டார்னு சொல்றாங்க" என்றேன்.

"ம்."

நித்யா படிப்பதன் வேகம் கூடியது. தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விழுந்தவர் உடனே இறக்கவில்லை. நினைவோடு இருந்தார். தண்ணீர் கேட்டார். வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். அவர் பாதுகாப்பு பெல்ட் அணிந்திருக்கவில்லை, வேலை நடந்த மாடியில் பெல்ட்டே இருக்கவில்லை. மேற்பார்வையாளர் கீழே இருந்த அறையிலிருந்து ஒரு பெல்ட்டும் ஹெல்மெட்டும் எடுத்துவரச் செய்து, கிடந்தவருக்கு மாட்டி, படம் எடுத்த பிறகுதான் வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். இதைச் சொன்னவர் உடன் வேலை செய்த ஒருவர்.

நான் விழுந்தார் என்பதோடு நின்றிருந்தேன்.

"ஏன் மேடம் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"எல்லாரும் திரும்பி என்னப் பாக்குறாங்க. என்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

உண்மைதான். முன் வரிசைகளிலிருந்து சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏழுமலையின் கடைசி நேரம் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் மனைவிக்கு மட்டும் தெரியவில்லை. இதற்கு மேல் என்னால் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. கேட்டதை ஒன்றும் குறைக்காமல், முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். பெல்ட்டைச் சொல்லும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சொல்லி முடித்த பிறகும் விடவில்லை.

கேள்வி நேரம் வந்தது. ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறை பற்றி ஒருவர் கேட்டார். நித்யா பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி எழுந்து நின்றார். யாரும் ஒலிவாங்கி கொண்டுவந்து தரவில்லை. தேவையும் இருக்கவில்லை. இந்தியில் கேட்டார்.

"தண்ணி கேட்டாருன்னு சொன்னியே. குடுத்தாங்களா?"

நித்யா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தமிழில், "இல்ல ஆன்ட்டி" என்றாள்.

அங்கே எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன பதில் என்று யாரும் கேட்கவில்லை. தலைமை தாங்கிய பேராசிரியை அமர்வு முடிந்ததாக அறிவித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்து மரத்தடியில் நித்யா எங்களிடம் வந்தாள். அழுதிருந்தாள். "எனக்கு ஆறு மாசமா தெரியும் ஆன்ட்டி. சொன்னவர் யாருன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பேர் போட மாட்டேன்னு அவர்கிட்ட ப்ராமிஸ் பண்ணேன். அப்புறம்தான் பேசினார். உங்ககிட்ட வந்து சொல்ல எனக்கு தைரியம் வரல. நீங்க வரேன்னதும், இங்கிலீஷ்தானேன்னு நெனச்சேன்."

"யாரு சொன்னதுன்னு சொல்லு."

"சொல்ல முடியாது ஆன்ட்டி."

"சேகரு. அவருகூட வேல செஞ்சவன் வேற யாரு இருந்தான் அன்னிக்கு?"

கஸ்தூரி கேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுகளின் சத்தம் கேட்டது. நித்யா பின்னால் வந்தபோது, "நீ வராத" என்றார். என்னைத் தடுக்கவில்லை. நான் அவரோடு ஆட்டோவில் ஏறினேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஏரவாடா ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அங்கேதான் கஸ்தூரி முதல்முறையாக வாய் திறந்தார்.

"பெல்ட் போட்டிருந்தாரு, கொக்கிய மாட்டாம வுட்டுட்டாரு, அவரு அஜாக்கிரதைன்னு எழுதிட்டாங்க மேடம். போட்டோ காட்டுனாங்க. நானும் பாத்தேன். நாலு வருசமா அவர மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருக்கேன். கொக்கிய மாட்டுறதுக்கு உனக்கு என்னா கேடு, எங்கள இப்பிடி வுட்டுட்டுப் போயிட்டியேன்னு. சாமி கும்புடும்போதுகூட திட்டியிருக்கேன்."

சிறைச்சாலையின் நீண்ட மதிலைத் தாண்டி ஆட்டோ நின்றது. அதற்கு மேல் நடந்துதான் போக வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். சாக்கடை மேல் கடப்பைக் கல் போட்டிருந்தது. மாவு மில், மொபைல் ரிப்பேர் கடை, ஒரு மாரியம்மன் கோயில். கஸ்தூரி தன் வீட்டைக் கடந்தபோது நிற்கவில்லை, கையை மட்டும் காட்டினார். அடுத்த சந்தில் ஒரு கதவைத் தட்டினார்.

சேகர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் சாரம் ஏறியதில்லையாம். ஒரு ஏடிஎம்மில் இரவுக் காவல். ஏழுமலையின் ஊர்க்காரர், அவரை அண்ணன் என்று கூப்பிட்டவர், பாடை தூக்கியவர்களில் ஒருவர். இதையெல்லாம் கஸ்தூரி வழியில் சொல்லியிருந்தார்.

"வாங்க அண்ணி" என்றவர் என்னைப் பார்த்து, "இவங்க?" என்றார்.

"எனக்கு இங்கிலீஷப் புரியவச்சவங்க. வுழுந்த எடத்துலயே உசுரு போயிடுச்சுன்னு சொன்னியே."

சேகர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உள்சுவரோரம் போய் நின்றாள்.

"நீயா பெல்ட்ட மாட்டுன?"

"சூப்பர்வைசர் மாட்டுனான் அண்ணி. நான் புடிச்சுக்கிட்டேன்."

"எங்க புடிச்ச?"

"தோள."

கஸ்தூரி தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவரு என்னா சொன்னாரு?"

"மெதுவாடான்னாரு. வலிக்குதுன்னாரு. தண்ணி கேட்டாரு. அடிபட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்க, நான் குடுக்கல. கஸ்தூரிக்குப் போன் போடுன்னாரு. போனு என் கையிலதான் இருந்துச்சு. போட்டோ எடுத்துட்டு அப்புறம் போடுன்னு சூப்பர்வைசர் சொன்னான். அப்புறம் வண்டி வந்துடுச்சு. அப்புறம் நான் போடல" என்றார்.

பக்கத்து வீட்டில் மராத்தித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் மெல்லியது, ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இத கோர்ட்ல வந்து சொல்லுவியா?" என்றார் கஸ்தூரி. குரல் உயரவே இல்லை. "காசு வேணாம் எனக்கு. அவரு அஜாக்கிரதைன்னு எழுதியிருக்காங்கல்ல, அத மாத்தணும்."

"அந்த சூப்பர்வைசர் இப்ப பெரிய ஆளு அக்கா. எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு" என்றாள் சேகரின் மனைவி.

சேகர் கையால் அவளை அடக்கினார். "வர்றேன் அண்ணி. காலையில டூட்டி முடிஞ்சு நேரா உங்க வூட்டுக்கு வர்றேன்" என்றார். அவர் நிஜமாகவே சொன்னார் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் காலை என் கட்டுரையைப் படித்தேன். அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. கேட்ட இரண்டு கேள்விகளுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. முடிந்ததும் ஏரவாடாவுக்குப் போனேன். கஸ்தூரி வீட்டு வாசலில் ஒரு கட்டடத் தொழிலாளர் சங்கத்திலிருந்து கஸ்தூரி வரவழைத்திருந்த வக்கீல் பெண் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். கஸ்தூரி அடுத்த சந்துக்குக் கூட்டிப்போனார். சேகர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் கழுவாத குடம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"காலையிலயே ரிக்‌ஷா புடிச்சு ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்க. ஊர்ல யாருக்கோ உடம்பு சரியில்லையாம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. போன் போட்டோம். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வக்கீல் பெண் நித்யாவைப் பற்றிக் கேட்டார். சேகர் குரலைப் பதிவு செய்ய ஒப்புக்கொள்ளவில்லை, கேட்டு எழுதிக்கொண்டதோடு சரி என்று முந்திய நாள் மாலை நித்யா என்னிடம் சொல்லியிருந்தாள். சொன்னேன். அவர், "அப்படின்னா கஷ்டம். ஆள் கிடைக்கட்டும், பார்ப்போம்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். எங்களை ஏமாற்றாமல் சொன்னதற்காக அவரை நான் மதித்தேன்.

கஸ்தூரி பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேரம் கேட்டார். வாகட்டில் மாலை போளிக்குப் போக வேண்டும். நேற்று லீவு போட்டதற்கே ஒரு வீட்டில் போன் போட்டுத் திட்டினார்களாம். நான் அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க மேடம்" என்றார். "அவரு பேர மாத்த வேணாம். ஏழுமலைன்னே எழுதச் சொல்லுங்க."

"சரிம்மா."

"நீங்க பாதியில நிறுத்துனீங்கள்ல, நேத்து. அங்கயே வுட்டிருக்கலாமோன்னு ராத்திரி பூரா நெனச்சேன். வுடிஞ்சதும், சொன்னது நல்லதுன்னு தோணுச்சு. இப்ப அந்தப் பூட்டப் பாத்தப்புறம் தெரியல."

பஸ் வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் இல்லை.

மாலை நித்யா என்னைத் தன் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட்டாள். நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கஸ்தூரி சொன்னதைச் சொன்னேன்.

"பேர் போட்டா, சொன்னது சேகர் அங்கிள்தான்னு அந்த சைட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும் மேம். போடாட்டி, ஆன்ட்டிக்கு நான் திரும்பவும் அதேதான் பண்றேன்." அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் பட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். "என் கைடு இந்த சாப்டர் இருந்தாத்தான் தீசிஸ் நிக்கும்னு சொல்றார். நேத்து ஒருத்தர் வந்து டேட்டா ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்குன்னு கை குடுத்தார். நான் தேங்க்யூ சொன்னேன் மேம். அத நெனச்சா வீட்டுல சாப்பிட முடியல. என்ன செய்யட்டும்?"

கஸ்தூரியிடம் போய் அவர் முன்னால் உட்கார்ந்து இதையே கேள், அவர் திட்டினால் திட்டட்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் போனாள் என்பதைப் பிறகு போனில் அறிந்தேன். கஸ்தூரி கதவைத் திறந்தாராம், தேநீர் கொடுத்தாராம், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லையாம். நித்யா அந்த அத்தியாயத்தை இன்னும் ஒப்படைக்கவில்லை. சேகர் வீட்டில் இப்போது பீகார்க்காரர்கள் குடியிருக்கிறார்கள்.

ரயில் புறப்பட்டபோது நகரத்தின் கிழக்கு விளிம்பிலும் சிமென்ட் எலும்புக்கூடுகள் நின்றன. சாரங்களிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், வேலை முடியும் நேரம். பத்தொன்பது ஆண்டுகளாக நான் வகுப்பில் வளர்ச்சி என்ற சொல்லை விளக்கி வருகிறேன். கருத்தரங்குகளுக்குப் போகிறேன், குறிப்பு எடுக்கிறேன், சான்றிதழோடு திரும்புகிறேன். எங்கள் ஊர் புனே இல்லை, மதுரையில் வாகட் போல இருபது மாடிகள் எழும்பவில்லை, நாங்கள் கொஞ்சம் நிதானமானவர்கள் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

மதுரை திரும்பிய வாரம் கல்லூரிக்குள் நுழைந்தபோது புதிய வகுப்பறைக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் ஒருவர் வெளிச்சுவர் பூசிக்கொண்டிருந்தார். சவுக்குக் கம்புச் சாரம். இடுப்பில் ஒன்றும் இல்லை. பல மாதங்களாக அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போய்வருகிறேன், அண்ணாந்து பார்த்தது அன்றுதான். கீழே நின்ற மேஸ்திரியிடம், "அண்ணே, அவருக்கு பெல்ட் இல்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கு மேடம்" என்றார் அவர், நல்ல மனிதர், தினமும் வணக்கம் சொல்பவர். "ரூம்ல புத்தம் புதுசா வச்சிருக்கோம்."

எடுத்துவரச் சொன்னேன். சிரித்தார். நான் நகரவில்லை. மணி அடித்துவிட்டது, மாணவிகள் என்னைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள். கடைசியில் ஒருவர் போய், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பெல்ட்டை எடுத்து வந்தார். மேலே இருந்தவர் அதை வாங்கி, எப்படி மாட்டுவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒருவழியாக இடுப்பில் கட்டிக்கொண்டார். கொக்கியை மாட்ட உறுதியான எதுவும் அங்கே இல்லை. தான் நின்ற சாரத்தின் சவுக்குக் கம்பிலேயே மாட்டினார்.

நான் வகுப்புக்குப் போனேன்.